ஏழாம் இயல்: புகைபிடித்தலும் வாய்நலமும்

புகையிலைப் புகை உடலுக்குள் நுழையும்போது முதலில் படுமிடம் வாய். நுரையீரலிலும் இதயத்தின் குருதிக்குழாய்களிலும் அப்புகை விளைவிக்கும் கேட்டை அறிய ஊடுகதிர்ப் படங்களும் குருதிச் சோதனைகளும் வேண்டும். வாயில் விளையும் கேட்டின் பல அடையாளங்களையோ, நல்ல வெளிச்சமும் ஒரு முகக்கண்ணாடியும் இருந்தால் புகைப்பவரே தம் கண்ணால் கண்டுகொள்ளலாம். ஆயினும், ஈறுநோயின் முதல் எச்சரிக்கையான இரத்தக்கசிவைப் புகையே அடக்கிவிடுவதால், ஏதேனும் தொல்லை தோன்றட்டும் எனக் காத்திருப்பவர் பல் ஆடத் தொடங்கிய பிறகே மருத்துவரிடம் சென்று சேர்கிறார். புகைப்பவர் ஒருவரின் வாயில் வலியும் கசிவும் இல்லாதிருப்பது அவ்வாய் நலமாக உள்ளது என்பதற்குச் சான்றாகாது. இவ்வியல் வலியுறுத்தும் முதன்மைக் கருத்து இதுவே. புகை வாயில் என்ன செய்கிறது, அதை எவ்வாறு கண்டறிவது, பழக்கத்தை விட முனைவோர்க்கு இந்தியாவில், குறிப்பாகத் தமிழ்நாட்டில், எத்தகைய துணை கிடைக்கிறது என்பவை இங்கு வரிசையாக விளக்கப்படுகின்றன.

2016-17ஆம் ஆண்டில் நடத்தப்பட்ட உலக வயதுவந்தோர் புகையிலைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் 28.6 விழுக்காட்டினர் ஏதேனும் ஒரு வடிவில் புகையிலையைப் பயன்படுத்தினர், 10.7 விழுக்காட்டினர் புகைத்தனர். பீடி புகைப்போர் 7.7 விழுக்காடாகவும் சிகரெட் புகைப்போர் 4 விழுக்காடாகவும் இருந்ததால், இந்தியச் சூழலில் புகைபிடித்தலைப் பற்றிப் பேசும் எந்த நூலும் சிகரெட்டோடு நின்றுவிட இயலாது. இந்திய ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப்புற்றே என்பதையும் இதனோடு சேர்த்து எண்ணிப் பார்த்தால், இப்பொருள் பல் மருத்துவத்தின் ஓர் ஓரச் செய்தியன்று, பொதுநலத்தின் மையச் சிக்கல்களுள் ஒன்று என்பது விளங்கும்.

1. புகையில் அடங்கியிருப்பவை

எரியும் புகையிலையிலிருந்து எழும் புகையில் 7,000-க்கும் மேற்பட்ட வேதிப்பொருள்கள் கலந்துள்ளன. அவற்றுள் ஏறத்தாழ 70 பொருள்கள் புற்றுநோயை உண்டாக்கவல்லவை என அறியப்பட்டுள்ளன. வாய்நலத்தைப் பொறுத்தவரை நான்கு கூறுகளைத் தனித்தனியே அறிந்துகொள்வது பயன் தரும். முதலாவது, பழக்கத்திற்கு அடிமையாக்கும் நிக்கோட்டின். இது நுண்ணிய குருதிக்குழாய்களைச் சுருங்கச் செய்கிறது. இரண்டாவது, கார்பன் மோனாக்சைடு என்னும் வளி. இது குருதியின் சிவப்பணுக்களில் உயிர்வளிக்குரிய இடத்தைப் பிடித்துக்கொள்வதால், ஈறு உள்ளிட்ட திசுக்களுக்குச் செல்லும் உயிர்வளி குறைகிறது. மூன்றாவது, தார் எனப்படும் பிசுபிசுப்பான கரும்படிவு. பல்லின் கறைக்கும் புற்றூக்கும் பொருள்களில் பலவற்றுக்கும் இதுவே இருப்பிடம். நான்காவது, வெப்பம், நாள்தோறும் பலமுறை படும் சூடு வாயின் மென்படலத்தை உறுத்தித் தடிக்கச் செய்கிறது.

பீடியில் புகையிலையின் அளவு சிகரெட்டில் உள்ளதைவிடக் குறைவு என்பதால் அதன் தீங்கும் குறைவு எனக் கருதுவோர் உண்டு. உண்மை அதற்கு மாறானது. பீடி சுற்றப் பயன்படும் இலை சிகரெட் தாளைப் போலக் காற்றை எளிதில் உட்புக விடுவதில்லை. ஆகவே பீடி அணையாமலிருக்க அதை அடிக்கடியும் ஆழமாகவும் இழுக்க வேண்டியிருக்கிறது. இவ்வாறு இழுக்கும்போது தாரும் கார்பன் மோனாக்சைடும் சிகரெட்டுக்கு இணையாகவோ அதைவிடக் கூடுதலாகவோ வாய்க்குள் செல்கின்றன. சுருட்டின் புகையைப் பலர் நுரையீரல்வரை இழுப்பதில்லையெனினும், காரத்தன்மை மிகுந்த அப்புகையிலுள்ள நிக்கோட்டின் வாயின் மென்படலம் வழியாகவே குருதியில் கலந்துவிடுவதாலும், புகை வாய்க்குள் நெடுநேரம் நிறுத்தப்படுவதாலும் வாய்க்கு நேரும் தீங்கு சிறிதும் குறைவதில்லை. வடிகட்டி பொருத்திய சிகரெட், மென்மையான வகை என விற்கப்படும் சிகரெட், நீரின் வழியே இழுக்கப்படும் ஹூக்கா ஆகிய எதுவும் பாதுகாப்பானதன்று. மென்மையான சிகரெட்டுக்கு மாறுவோர், தம் உடல் கேட்கும் நிக்கோட்டினைப் பெறுவதற்காகத் தம்மை அறியாமலே கூடுதலாக இழுத்துவிடுகின்றனர்.

2. ஈறுகள்: ஓசையின்றி வளரும் நோய்

பற்களின் மேல் நாள்தோறும் பற்படலம் என்னும் மெல்லிய, ஒட்டும் தன்மையுள்ள படிவு உண்டாகிறது. இது பெரும்பாலும் நுண்ணுயிரிகளால் ஆனது. சரிவர அகற்றப்படாத பற்படலம் உமிழ்நீரிலுள்ள உப்புகளை ஏற்று இறுகிப் பற்காரையாக மாறுகிறது. இப்படிவுகளுக்கு எதிராக உடல் நடத்தும் போராட்டத்தால் ஈறு சிவந்து வீங்குவது ஈறழற்சி எனப்படும். இந்நிலையில் முறையாகத் தூய்மை செய்தால் ஈறு மீண்டும் பழைய நிலையை அடையும். அழற்சி உள்நோக்கிப் பரவி, பல்லைத் தாடையோடு பிணைக்கும் இழைகளையும் பல்லைத் தாங்கும் எலும்பையும் அரிக்கத் தொடங்குவது பற்சூழ் அழற்சி எனப்படும். இவ்வாறு கரைந்த எலும்பு தானாக மீண்டும் வளர்வதில்லை. பல்லுக்கும் ஈறுக்கும் இடையிலுள்ள இயல்பான பள்ளம் 3 மில்லிமீட்டருக்கு மேல் ஆழமாவதில்லை; நோய் முற்ற முற்ற அது ஆழமான பையாகி, தூரிகை எட்டாத இடத்தில் நுண்ணுயிரிகளுக்கு உறைவிடமாகிறது.

புகைபிடிக்காதவரோடு ஒப்பிடுகையில், புகைப்பவருக்கு ஈறுநோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ இருமடங்கு. ஒரு நாளில் புகைக்கும் எண்ணிக்கையும் பழக்கம் நீடித்த ஆண்டுகளும் கூடக் கூட இவ்வாய்ப்பும் கூடுகிறது. நுண்ணுயிரிகளை விழுங்கி அழிக்கும் வெள்ளணுக்களின் ஆற்றலைப் புகை குன்றச் செய்வதும், காயத்தை ஆற்றும் இழைகளை உருவாக்கும் உயிரணுக்களைத் தளர்த்துவதும், உயிர்வளி இல்லாத சூழலில் செழிக்கும் தீய நுண்ணுயிரிகளுக்கு இடமளிப்பதும் இதற்குரிய காரணங்கள். நீரிழிவும் ஈறுநோயைத் தூண்டும் என்பதால், நீரிழிவு உடையவர் புகைக்கவும் செய்தால் எலும்புத் தேய்வு மேலும் விரைவுபடுகிறது.

இங்கேதான் புகையின் ஏமாற்று வேலை நிகழ்கிறது. புகைக்காதவருக்கு ஈறழற்சி தொடங்கியதும் பல் துலக்கும்போது துப்பும் நீரில் இரத்தம் கலந்திருப்பது தெரிந்துவிடும். அவரும் அஞ்சி மருத்துவரை நாடுவார். புகைப்பவரின் ஈற்றிலோ குருதிக்குழாய்கள் சுருங்கிக் கிடப்பதாலும் ஈற்றின் மேற்பரப்பு தடித்துப் போவதாலும், அழற்சி இருந்தும் சிவப்பும் வீக்கமும் கசிவும் வெளிப்படையாகத் தோன்றுவதில்லை. வெளிறி, இறுகி, நலமானது போலவே காட்சியளிக்கும் அந்த ஈற்றுக்குக் கீழே எலும்பு கரைந்துகொண்டிருக்கும். பற்களுக்கிடையே இடைவெளி விழுதல், பல் நீண்டுவிட்டது போலத் தோன்றுதல், கடிக்கும்போது பல் அசைதல் ஆகியவை தெரியவரும்போது நோய் பெரும்பாலும் முற்றியிருக்கும். ஆகவே புகைப்பவர் தம் ஈற்றின் தோற்றத்தை நம்பியிராமல், ஆறு மாதங்களுக்கு ஒருமுறையேனும் பல் மருத்துவரிடம் சென்று, ஈற்றுப் பைகளின் ஆழத்தை அளவுகோலால் அளந்து பார்க்கும்படி கேட்பது இன்றியமையாதது.

3. பல், நாக்கு, அண்ணம் ஆகியவற்றில் காணும் மாற்றங்கள்

புகையின் தார் பற்களின் மேல் மஞ்சளாகவும் பழுப்பாகவும் படிந்து, காலப்போக்கில் பற்காரையிலும் பல்லின் நுண்வெடிப்புகளிலும் ஊறிவிடுகிறது. இக்கறையைப் போக்கக் கரித்தூள், செங்கல்தூள், சொரசொரப்பான பற்பொடி ஆகியவற்றால் அழுத்தித் தேய்ப்பவர்கள், பல்லின் வெண்மையான மேற்பூச்சாகிய எனாமலைத் தேய்த்து, பற்கூச்சத்தையே தேடிக்கொள்கின்றனர். பல் மருத்துவர் கருவிகொண்டு செய்யும் தூய்மையாக்கலே இதற்கு ஏற்ற வழி. புகைத்தல் தொடரும்வரை கறையும் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருக்கும்.

புகைப்பவரின் வாய்நாற்றத்திற்குப் புகையின் எச்சங்கள், ஈறுநோய், வாய் வறட்சி ஆகிய மூன்றும் காரணங்களாகின்றன. ஏலக்காயோ பாக்குத்தூளோ மென்று அதை மறைப்பது மூலத்தைத் தொடுவதில்லை என்பதோடு, பாக்கு தன்னளவிலேயே புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்பதால் கேட்டின் மேல் கேட்டைச் சேர்க்கிறது. சுவையையும் மணத்தையும் உணரும் திறன் மங்குவதால் உணவில் உப்பும் காரமும் கூட்டிக்கொள்ளும் பழக்கம் சிலரிடம் ஏற்படுகிறது. நாக்கின் மேலுள்ள நுண்முளைகள் நீண்டு கறுத்து மயிர் முளைத்தது போலத் தோன்றுவதும் உண்டு. ஈறு கீழிறங்கி வேர்ப்பகுதி வெளிப்பட்ட பற்களில் சொத்தை விழும் வாய்ப்பும் கூடுகிறது.

முன்பற்களை ஒட்டிய ஈற்றில் பழுப்பாகவோ கருமையாகவோ நிறம் ஏறுவது புகைக் கருமை எனப்படும். புகையின் பொருள்கள் தூண்டுவதால் நிறமி உயிரணுக்கள் கூடுதலாக நிறமியைச் சுரப்பதே இதன் காரணம். இது தீங்கற்றது, பழக்கத்தை விட்டபின் மாதங்கள் முதல் சில ஆண்டுகளுக்குள் மங்கிவிடும். தென்னிந்தியர் பலருக்கு ஈற்றின் இயல்பான நிறமே கருமை கலந்ததாக இருப்பதால், புதிதாக ஏற்பட்ட மாற்றம் எது என்பதை மருத்துவரே பிரித்தறிய வேண்டும். வாயின் மேற்கூரையாகிய அண்ணம் வெளுத்துத் தடித்து, அதன் நடுவே சிறுசிறு சிவந்த புள்ளிகள் தோன்றுவது புகை அண்ண அழற்சி. அண்ணத்திலுள்ள சிற்றுமிழ்நீர்ச் சுரப்பிகளின் வாய்கள் வெப்பத்தால் அழல்வதே அப்புள்ளிகள். இதுவும் புகைத்தலை நிறுத்திய சில வாரங்களில் பெரும்பாலும் மறைந்துவிடும். ஆனால் ஆந்திரக் கடலோர மாவட்டங்களில், குறிப்பாகப் பெண்களிடையே, எரியும் முனையை வாய்க்குள் வைத்துச் சுட்டா எனப்படும் சுருட்டைப் புகைக்கும் வழக்கத்தில், அண்ணத்தில் ஏற்படும் மாற்றங்கள் புற்றாக மாறும் இயல்புடையவை. பொதுவாக வாய்ப்புற்று அரிதாகவே தோன்றும் அண்ணத்தில் அப்பகுதி மக்களிடையே புற்றுநோய் மிகுந்து காணப்படுவதற்கு இவ்வழக்கமே காரணம்.

4. பல் சிகிச்சைகளின் பயனைப் புகை குறைத்தல்

பல்லைப் பிடுங்கிய குழியில் உறையும் குருதிக்கட்டிதான் காயம் ஆறுவதற்கு அடித்தளம். புகையை இழுக்கும் விசையாலும் வெப்பத்தாலும் நிக்கோட்டினின் குழாய்ச் சுருக்கத்தாலும் அக்கட்டி உருவாகாமலோ நிலைக்காமலோ போனால், எலும்பு வெளிப்பட்டு, சில நாள்களில் காதுவரை பரவும் கடும் வலி தோன்றும். இது உலர்குழி எனப்படும். ஆகவே பல் பிடுங்கியபின் குறைந்தது மூன்று நாள்களாவது புகைக்காமலிருப்பது இன்றியமையாதது. அம்மூன்று நாள்களையே நிலையான விடுதலின் தொடக்கமாகக் கொள்வது இன்னும் சிறந்தது.

ஈற்றுப் பைகளுக்குள் செய்யப்படும் ஆழ்ந்த தூய்மையாக்கலும் ஈற்று அறுவை சிகிச்சையும் புகைப்போரிடம் எதிர்பார்த்த அளவு பலன் தருவதில்லை. இழந்த பல்லுக்கு மாற்றாகத் தாடையெலும்பில் திருகிப் பொருத்தப்படும் உள்வைப்பு, அதாவது இம்பிளாண்ட், எலும்போடு ஒட்டாமல் தோல்வியடையும் வாய்ப்பும் புகைப்போரிடம் கூடுதல். பெரும்பொருள் செலவிட்டு இத்தகைய சிகிச்சையை மேற்கொள்பவர், முன்னும் பின்னும் புகைப்பதை நிறுத்தாவிட்டால் அச்செலவின் பயனைத் தாமே கெடுத்துக்கொள்கிறார். சொத்தைப் பல்லின் வலிக்குப் புகையிலைத் துணுக்கை வைத்து அடக்கும் பழைய வழக்கமும் நோயை மறைத்துச் சிகிச்சையைத் தள்ளிப்போடச் செய்வதன்றி வேறு பயன் தருவதில்லை.

5. வாய்ப்புற்றும் அதன் முன்னோடி மாற்றங்களும்

வாய்ப்புற்று பெரும்பாலும் முன்னறிவிப்பின்றி வருவதில்லை. வாயின் மென்படலத்தில் தோன்றும், துடைத்தாலும் சுரண்டினாலும் நீங்காத, வேறு நோயெதனாலும் விளக்க இயலாத வெள்ளைத் திட்டு வெண்படலம் எனப்படுகிறது. இவற்றுள் ஒரு பகுதி காலப்போக்கில் புற்றாக மாறுகிறது. வெல்வெட்டுத் துணி போன்ற சிவந்த திட்டாகத் தோன்றும் செம்படலம் அரிதானதெனினும் வெண்படலத்தைவிட மிகவும் இடர் நிறைந்தது. வெண்மையும் செம்மையும் கலந்த திட்டுகளையும் அதே கவலையோடு அணுக வேண்டும். புகைத்தலோடு மதுப்பழக்கமும் சேரும்போது, வாய்ப்புற்றின் இடர் இரண்டின் கூட்டுத்தொகையாக நில்லாமல் பன்மடங்காகப் பெருகுகிறது. பாக்கும் மெல்லும் புகையிலையும் சேர்ந்தால் நிலைமை மேலும் மோசமாகிறது.

புகைப்பவரும் அண்மையில் விட்டவரும் மாதம் ஒருமுறை தம் வாயைத் தாமே ஆய்ந்து பார்ப்பது நல்லது. கைகளைக் கழுவி, வாயைக் கொப்பளித்து, பொய்ப்பல் இருப்பின் கழற்றிவிட்டு, கண்ணாடியின் முன் நல்ல வெளிச்சத்தில் கீழ்க்காணும் வரிசையில் ஆய்வு நடைபெறலாம்.

1. உதடுகளின் வெளிப்புறத்தையும், அவற்றை விலக்கி உட்புறத்தையும் முன்ஈற்றையும் பார்த்தல்.
2. கன்னங்களை விரலால் விலக்கி உட்புறத்தையும் பின்ஈறுகளையும் பார்த்தல். கட்டியோ தடிப்போ உள்ளதா என விரல்களால் தடவி அறிதல்.
3. தலையைப் பின்னால் சாய்த்து அண்ணத்தைப் பார்த்தல்.
4. நாக்கை நீட்டி மேற்புறத்தையும், துணியால் நுனியைப் பிடித்து இரு பக்கங்களையும் பார்த்தல். நாக்கை மேலே மடக்கி அதன் அடிப்புறத்தையும் வாயின் தரையையும் பார்த்தல்.
5. தாடையின் கீழும் கழுத்தின் இருபுறமும் தடவி, வலியற்ற கட்டி உள்ளதா என அறிதல்.

இரண்டு வாரங்களுக்கு மேலும் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, கட்டி, காரணமின்றி வரும் இரத்தக்கசிவு, உணர்விழப்பு, விழுங்குவதில் இடர்ப்பாடு, குரல் மாற்றம், வாயை முழுதாகத் திறக்க இயலாமை ஆகியவற்றுள் எது தென்பட்டாலும் தாமதிக்காமல் பல் மருத்துவரையோ அரசு மருத்துவமனையையோ நாட வேண்டும். புற்றின் தொடக்க நிலை பெரும்பாலும் வலிப்பதில்லை; வலியில்லை என்பதைக் காரணமாகக் காட்டிக் காத்திருத்தல் ஆபத்தானது. திசுவில் சிறு துண்டை எடுத்து நுண்நோக்கியில் ஆய்வது மட்டுமே ஐயத்தைத் தீர்க்கும். கத்தி பட்டால் புற்று பரவிவிடும் என்னும் அச்சம் ஆதாரமற்றது. தொடக்கத்திலேயே கண்டறிந்தால் சிகிச்சை எளிதாகவும் உயிர்பிழைக்கும் வாய்ப்பு மிகுதியாகவும் இருக்கும்.

6. பழக்கத்தை விட்டபின் வாயில் நிகழ்பவை

விட்ட சில நாள்களிலேயே சுவையும் மணமும் திரும்பத் தொடங்குகின்றன. சில வாரங்களில் ஈற்றின் குருதியோட்டம் இயல்பு நிலையை நோக்கி மீளும்போது, அதுவரை அடங்கிக்கிடந்த அழற்சி வெளிப்பட்டு, பல் துலக்கும்போது இரத்தம் கசியலாம். புகைத்த காலம்வரை எல்லாம் நலமாக இருந்தது, விட்டபின்புதான் ஈறு கெட்டது என்று தவறாக எண்ணிச் சிலர் மீண்டும் புகைக்கத் தொடங்கக்கூடும் என்பதால், இச்செய்தியை முன்கூட்டியே அறிந்திருத்தல் மிகவும் தேவை. கசிவு, ஈறு தன் எச்சரிக்கும் ஆற்றலை மீளப் பெற்றதன் அடையாளம். அப்போது செய்ய வேண்டியது பற்காரையை அகற்றிக்கொள்வதும் மென்மையான தூரிகையால் நாளும் இருமுறை துலக்குவதுமே. ஈறுநோயின் இடர் ஆண்டுகள் செல்லச் செல்லக் குறைந்துவருகிறது. சிகிச்சைகளும் நன்கு பலனளிக்கத் தொடங்குகின்றன. வாய், தொண்டை, குரல்வளைப் புற்றுகளின் கூடுதல் இடர் 5 முதல் 10 ஆண்டுகளில் பாதியாகிறது. வெண்படலம் சிலரிடம் சுருங்கி மறைவதும் உண்டு. எனினும் அது மறைந்தபின்னும் மருத்துவரின் கண்காணிப்பு தொடர வேண்டும்.

7. விடுதல் ஏன் கடினமாகிறது

இழுத்த புகையிலுள்ள நிக்கோட்டின் 10 முதல் 20 நொடிகளில் மூளையை அடைந்து, இன்ப உணர்வைத் தரும் டோபமைன் என்னும் வேதிப்பொருளைச் சுரக்கச் செய்கிறது. ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் குருதியிலுள்ள நிக்கோட்டின் பாதியாகக் குறைந்துவிடுவதால், மூளை அடுத்த முறைக்காக ஏங்குகிறது. இச்சுழற்சி ஆண்டுக்கணக்கில் தொடரும்போது மூளையே நிக்கோட்டினுக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்கிறது. ஆகவே விட இயலாமை ஒருவரின் மனவுறுதிக் குறைவன்று, சிகிச்சைக்குரிய ஓர் அடிமைநிலை. அதற்கு உதவி கேட்பதில் நாணத்திற்கு இடமில்லை.

அடிமைநிலையின் வலிமையை இரண்டு வினாக்களால் ஓரளவு அறியலாம். கண்விழித்த எவ்வளவு நேரத்தில் முதல் சிகரெட் அல்லது பீடி பற்றவைக்கப்படுகிறது என்பது முதல் வினா: 5 நிமிடத்திற்குள் எனில் 3 மதிப்பெண், 6 முதல் 30 நிமிடம் எனில் 2, 31 முதல் 60 நிமிடம் எனில் 1, அதற்குப் பின் எனில் 0. நாளொன்றுக்கு எத்தனை என்பது இரண்டாம் வினா: 10 அல்லது அதற்குக் கீழ் எனில் 0, 11 முதல் 20 வரை 1, 21 முதல் 30 வரை 2, அதற்கு மேல் 3. மொத்தம் 4-உம் அதற்கு மேலும் வருபவருக்கு அறிவுரையோடு மருந்தின் துணையும் தேவைப்பட வாய்ப்புண்டு.

8. திட்டமிட்டு விடுதல்

அடுத்த இரண்டு வாரங்களுக்குள் ஒரு நாளைத் தேர்ந்து, அதை வீட்டாரிடமும் நெருங்கியவரிடமும் சொல்லிவைப்பது முதல் படி. அதுவரையுள்ள நாள்களில் எப்போது, எங்கே, எந்த மனநிலையில் புகைக்கத் தோன்றுகிறது என்பதைக் குறித்துவைத்தால் தூண்டுதல்கள் தெளிவாகும். காலைத் தேநீர், உணவுக்குப் பிந்தைய நேரம், பேருந்துக்காகக் காத்திருத்தல், பெட்டிக்கடையில் கூடும் நண்பர் குழு, மது அருந்துதல், கழிப்பறைக்குச் செல்லுமுன் ஒன்று என்னும் வழக்கம் ஆகியவை தமிழ்நாட்டில் பலருக்கும் பொதுவான தூண்டுதல்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு மாற்றை முன்னரே முடிவு செய்ய வேண்டும்: தேநீரைக் கடையில் அருந்தாமல் வீட்டிலேயே அருந்துவது, உண்டதும் பல் துலக்கிவிட்டுச் சிறிது நடப்பது, முதல் சில வாரங்களுக்கு மதுவை அறவே விலக்குவது என்பன போல. கடைகளில் ஒன்றிரண்டாகச் சில்லறைக்குக் கிடைப்பது சறுக்கலுக்கு எளிய வாயிலாக இருப்பதால், வழக்கமாக வாங்கும் கடையின் வழியைச் சில காலம் தவிர்ப்பதும் உதவும்.

புகைக்க வேண்டும் என்னும் வேட்கை எழுந்து உச்சம் தொட்டுச் சில நிமிடங்களில் தானாகத் தணியும். அந்நிமிடங்களைக் கடக்க நான்கு வழிகள் பயன்படுகின்றன: பற்றவைப்பதைத் தள்ளிப்போடுதல், மெதுவாக நீர் அருந்துதல், ஆழ்ந்து மூச்சிழுத்து விடுதல், கையையும் கருத்தையும் வேறு செயலில் திருப்புதல். எரிச்சல், பதற்றம், தூக்கக் குறைவு, பசி மிகுதி, கவனச் சிதறல், மலச்சிக்கல் ஆகிய விலகல் அறிகுறிகள் முதல் வாரத்தில் மிகுந்து, இரண்டு முதல் நான்கு வாரங்களில் பெரும்பாலும் அடங்கிவிடும். மலச்சிக்கலுக்குக் கீரை, கொய்யா, வாழைப்பழம், போதிய நீர் ஆகியவை துணைசெய்யும். புகைத்தலை விட்டபின் காபியிலும் தேநீரிலுமுள்ள காஃபீன் உடலில் நெடுநேரம் தங்குவதால், அவற்றைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளாதவருக்குப் படபடப்பும் தூக்கமின்மையும் கூடும். வேறு நோய்களுக்கு மருந்து உட்கொள்பவர், புகைத்தலை விடுவதை மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். சில மருந்துகளின் அளவை அப்போது மாற்ற நேரிடும்.

சிகரெட்டை விட்டுவிட்டு, அதற்கு ஈடாக உதட்டுக்கடியில் புகையிலையை அடக்கிக்கொள்வது விடுதலாகாது. நிக்கோட்டின் அடிமைநிலையும் தொடர்கிறது, வாய்ப்புற்றின் இடரும் தொடர்கிறது. மின்சிகரெட்டுக்கு மாறுவதும் வழியன்று; அதன் உற்பத்தியும் இறக்குமதியும் விற்பனையும் இந்தியாவில் 2019ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடைசெய்யப்பட்டுள்ளன.

9. மருந்துகளின் துணை

புகையின் நச்சுகள் இல்லாமல், நிக்கோட்டினை மட்டும் குறைந்த அளவில் தந்து படிப்படியாக நிறுத்துவது நிக்கோட்டின் மாற்று மருத்துவம். இந்தியாவில் இதன் பரவலான வடிவம் 2 மில்லிகிராம், 4 மில்லிகிராம் அளவுகளில் கிடைக்கும் சூயிங்கம். கண்விழித்த அரை மணி நேரத்திற்குள் புகைப்பவருக்குப் பொதுவாகக் கூடிய அளவே பொருந்தும். இதைச் சாதாரண மிட்டாய் போல விடாமல் மெல்லக் கூடாது. மிளகு போன்ற காரம் தெரியும்வரை மெதுவாக மென்று, காரம் தெரிந்ததும் கன்னத்துக்கும் ஈற்றுக்கும் இடையே ஒதுக்கி வைத்து, காரம் அடங்கியபின் மீண்டும் மென்று, இவ்வாறு ஏறத்தாழ அரை மணி நேரம் பயன்படுத்த வேண்டும். ஒவ்வொரு முறையும் இடத்தை மாற்றி ஒதுக்குவது நல்லது. காபியும் பழச்சாறும் வாயில் அமிலத்தன்மையைக் கூட்டி நிக்கோட்டின் உறிஞ்சப்படுவதைத் தடுப்பதால், மெல்லுவதற்கு 15 நிமிடம் முன்பிருந்தே அவற்றைத் தவிர்க்க வேண்டும். மெல்ல இயலாதவருக்கும், பல் ஆடுபவருக்கும், பொய்ப்பல் கட்டியவருக்கும் தோலில் ஒட்டும் நிக்கோட்டின் பட்டை ஏற்றது. நாள்தோறும் ஒட்டும் இடத்தை மாற்றுவதால் தோலின் உறுத்தல் குறையும்.

வேட்கையைக் குறைக்கும் மாத்திரைகளான வரெனிக்ளின், புப்ரோப்பியான் ஆகியவற்றை மருத்துவரின் பரிந்துரையோடு மட்டுமே உட்கொள்ள வேண்டும். விடும் நாளுக்கு ஒன்று அல்லது இரண்டு வாரங்களுக்கு முன்பே இவை தொடங்கப்படுகின்றன. வலிப்பு நோய் உள்ளவருக்குப் புப்ரோப்பியான் ஆகாது. கருவுற்றவர், பாலூட்டுபவர், அண்மையில் மாரடைப்பு கண்டவர் ஆகியோர் எந்த மருந்தையும் மருத்துவரைக் கேட்டே தொடங்க வேண்டும். உலக நலவாழ்வு அமைப்பு 2024 ஜூலையில் வெளியிட்ட வழிகாட்டுதல் மேற்கண்ட மருந்துகளைப் பரிந்துரைப்பதோடு, மருந்தும் அறிவுரையும் சேர்ந்தே தரப்பட வேண்டும் என்பதையும் வலியுறுத்துகிறது. இரண்டும் இணையும்போது வெற்றி வாய்ப்பு தனித்தனியே கிடைப்பதைவிடக் கூடுதலாகிறது.

10. துணை கிடைக்கும் இடங்கள்

பல் மருத்துவரின் அறையே மிக அருகிலுள்ள முதல் வாயில். புகைக்கிறாரா எனக் கேட்டல், விடும்படி தெளிவாக அறிவுறுத்தல், ஆயத்தநிலையை மதிப்பிடல், வழிகளைச் சொல்லி உதவுதல், மறுவருகைக்கு ஏற்பாடு செய்தல் என்னும் ஐந்து படிகளை அங்கே சில நிமிடங்களில் முடிக்கலாம். மூன்று நிமிட அறிவுரைகூட விடுவோர் எண்ணிக்கையைக் கூட்டுகிறது. மருத்துவர் கேட்கும்வரை காத்திராமல், நாள்தோறும் எத்தனை, எத்தனை ஆண்டுகள், முன்பு எத்தனை முறை விட முயன்றார் என்பவற்றை நோயாளரே மறைக்காமல் சொல்வது நல்லது. ஈற்றின் அளவுகளையும் திட்டுகளின் ஒளிப்படங்களையும் பதிவு செய்து வைத்தால், விட்டபின் நேரும் முன்னேற்றம் அடுத்த வருகையில் கண்முன் தெரியும். பல் மருத்துவக் கல்லூரிகள் பலவற்றில் புகையிலை விடுவிப்பு மையங்கள் இயங்குகின்றன. முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் தொடங்கப்பட்ட சென்னை அடையாறு புற்றுநோய் நிலையம், நாட்டில் 2002இல் முதன்முதலாக அமைக்கப்பட்ட 13 புகையிலை விடுவிப்பு மையங்களுள் ஒன்றைப் பெற்ற நிறுவனம்.

நேரில் செல்ல இயலாதவர் தேசியப் புகையிலை விடுவிப்பு உதவி எண்ணாகிய 1800-11-2356-ஐக் கட்டணமின்றி அழைக்கலாம். 2016இல் டெல்லியில் தொடங்கிய இச்சேவை பின்னர் விரிவடைந்தபோது, பெங்களூரிலுள்ள நிம்ஹான்ஸ் நிறுவனம் தமிழ் உள்ளிட்ட தென்னிந்திய மொழிகளில் அறிவுரை வழங்கும் பொறுப்பை ஏற்றது. 2018 செப்டம்பர் முதல் இவ்வெண் புகையிலைப் பொருள்களின் உறைகளிலேயே அச்சிடப்படுகிறது. விடும் நாளை முடிவு செய்யவும் அதன்பின் தொடர்ந்து பேசி ஊக்கப்படுத்தவும் அங்குள்ள ஆலோசகர்கள் துணைசெய்கின்றனர். 011-22901701 என்னும் எண்ணுக்குத் தவறிய அழைப்புக் கொடுத்துப் பதிவு செய்துகொள்பவருக்கு, கைப்பேசிக் குறுஞ்செய்திகள் வழியாக வழிகாட்டும் அரசுத் திட்டமும் உள்ளது.

வீட்டாரின் நடத்தை பெரும் வேறுபாட்டை உண்டாக்கும். குத்திக்காட்டுதலும் பழைய தோல்விகளைச் சொல்லி ஏளனம் செய்தலும் முயல்பவரைத் தனிமைப்படுத்தும். முதல் இரண்டு வாரங்களின் எரிச்சலை நோயின் அறிகுறியாகக் கருதிப் பொறுத்தல், வீட்டில் எவரும் புகைக்காதிருத்தல், மிச்சமாகும் பணத்தைக் குடும்பத்திற்குப் பயன்படும் ஒன்றுக்காகச் சேர்த்துவைத்தல் ஆகியவை அவரைத் தாங்கிநிற்கும்.

11. மீண்டும் புகைத்துவிட்டால்

விட்டவருள் பலர் நிலையாக விடுவதற்கு முன் பலமுறை முயன்றவர்கள். ஒருநாள் ஒன்றைப் புகைத்துவிட்டதால் முயற்சி முறிந்துவிட்டதாகக் கருதாமல், மீதியை உடனே எறிந்துவிட்டு, எந்தத் தூண்டுதல் வென்றது என்பதை ஆராய்ந்து, ஆலோசகரிடம் சொல்லித் திட்டத்தைத் திருத்திக்கொள்ள வேண்டும். மருந்தை முழுக்காலமும் உட்கொள்ளாமல் இடையில் நிறுத்தியது காரணமாயின் அதை மருத்துவரோடு பேசி மீண்டும் தொடங்கலாம். ஒவ்வொரு முயற்சியும் அடுத்ததற்கான அறிவைத் தருவதால், முன்பு தோற்றவர் புதியவரைவிட ஆயத்தமான நிலையிலேயே தொடங்குகிறார்.

கரைந்த எலும்பும் விழுந்த பல்லும் திரும்பி வருவதில்லை; ஆனால் எஞ்சியுள்ள எலும்பையும் பல்லையும் காப்பதும், புற்றின் இடரை ஆண்டுதோறும் குறைப்பதும் எந்த வயதில் விட்டாலும் இயலும். ஆகவே இவ்வியலைப் படித்து முடித்த புகைப்பவர் இவ்வாரத்திலேயே மூன்று செயல்களைச் செய்தல் வேண்டும்: கண்ணாடி முன் நின்று மேற்கூறிய வரிசையில் தம் வாயை ஆய்ந்து பார்த்தல், ஈற்றுப் பைகளின் ஆழத்தை அளக்கப் பல் மருத்துவரிடம் நாள் குறித்தல், உதவி எண்ணை அழைத்து விடும் நாளை உறுதி செய்தல்.